டுமீல்... க்ளிக்!

தீபாவளிக்கு மறுநாள் காலையில் எந்த ஆபீஸுக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். ஃபைல் மூடியிருக்கும், கம்ப்யூட்டர் தூங்கும், செல்போன் மட்டும் எல்லார் கையிலும் விழித்திருக்கும். “இதைப் பாருங்க சார், நேத்து நம்ம தெருவில போட்ட அறுபது ஷாட்!” என்று நீட்டுவார் பக்கத்து சீட்காரர். பார்த்தால், கறுப்பு ஸ்லேட்டில் யாரோ தோசை மாவைத் தெளித்த மாதிரி நாலு வெள்ளைத் திட்டு. அதற்குக் கீழே ஒரு தலை. அது மச்சினர் தலையாம்.

“பிரமாதம் சார்!” வேறென்ன சொல்ல? நம்ம லீவு லெட்டர் அவர் டேபிள் வழியாகத்தானே மேலே போகணும்!

எங்கள் தூத்துக்குடியில் இதற்கு ஒரு சமாதானம் உண்டு. “அதுக்கெல்லாம் லட்ச ரூவா கேமரா வேணும்லா?” வேண்டாம் அண்ணாச்சி. என்னிடம் இருப்பது யாரோ ஆண்டு அனுபவித்துத் தள்ளிவிட்ட டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். ஒன்று, அதனோடு வந்த லென்ஸ், ஒரு கால் மட்டும் அடிக்கடி மடங்கி மரியாதை செய்கிற டிரைபாட் ஒன்று. தூத்துக்குடி வாணங்களுக்கு இது தாராளம். சொல்லப்போனால், விளையாட்டுப் போட்டியோ கல்யாணமோ எடுக்கத்தான் விலை கூடின கேமரா வேண்டும். வாணவேடிக்கைக்கு வேண்டியது ஆடாத கேமரா. அவ்வளவுதான்.

ஏன் என்கிறீர்களா? ஃபிலிம் காலத்தில், எங்கள் தெரு ஸ்டூடியோ அண்ணன் ஒருவர் எனக்கு இதைக் கோலத்தை வைத்து விளக்கினார். வாசலில் ஒரு அம்மா கோலம் போடுகிறார். மாவை விரல் நடுவே ஒரே சீராக விட்டுக்கொண்டே கையை நகர்த்துகிறார். கோடு மெல்லிசா, தடிமனா என்பது விரலிடுக்கைப் பொறுத்தது. அவர் எவ்வளவு நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தார் என்பதைப் பொறுத்ததில்லை. வாணமும் அப்படித்தான். தீப்பொறி வானத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கேமராவுக்குள் எந்த ஒரு புள்ளியிலும் அது நிற்பது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. அதனால் ஷட்டரை 2 விநாடி திறந்தாலும் 10 விநாடி திறந்தாலும் அந்தக் கோட்டின் பிரகாசம் கூடாது, குறையாது. கோடு நீளும், இன்னும் நாலு கோடு சேரும், பின்னால் நிற்கிற தெருவிளக்கும் வானமும் வெளுக்கும். கோட்டின் பிரகாசத்தை முடிவு செய்கிற விரலிடுக்கு, லென்ஸின் துவாரமும் ஐ.எஸ்.ஓ. எண்ணும்தான்.

இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஐ.எஸ்.ஓ. 100. துவாரம் எஃப் 8-லிருந்து 11. ஷட்டர் 3 முதல் 6 விநாடி. கேமராவை ‘எம்’ என்ற எழுத்தில் வையுங்கள். ‘ஆட்டோ’வில் விட்டால் அது என்ன செய்யும் தெரியுமா? “ஐயோ, ஒரே இருட்டாக இருக்கிறதே!” என்று பதறி ஐ.எஸ்.ஓ.வை எங்கேயோ ஏற்றிவிடும். போதாததற்கு ஃப்ளாஷையும் தட்டிவிடும். சின்ன ஃப்ளாஷ் நாலைந்து மீட்டர் போனாலே பெரிய விஷயம். நூறு மீட்டர் உயரத்தில் வெடிக்கிற வாணத்துக்கு ஃப்ளாஷ் அடிப்பது சூரியனுக்கு டார்ச் அடிப்பது மாதிரி. அணைத்துவிடுங்கள்.

ஃபோகஸ் இன்னொரு தலைவலி. இருட்டு வானத்தில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் லென்ஸ் ‘ர்ர்ர்... ர்ர்ர்...’ என்று முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும். அது முடிவு செய்வதற்குள் வாணம் சாம்பலாகிக் கடலில் விழுந்திருக்கும். நமக்கு இந்த விஷயத்தில் துறைமுகம் பெரிய உபகாரம். தூரத்துக் கலங்கரை விளக்கத்தையோ துறைமுக விளக்குக் கம்பத்தையோ பார்த்து ஒரு தடவை ஃபோகஸ் செய்யுங்கள். உடனே ‘எம்.எஃப்.’ பக்கம் ஸ்விட்சைத் தள்ளிவிட்டு, லென்ஸைத் தொடாமல் இருங்கள். வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல் விளக்கைப் பார்த்தும் செய்யலாம். ஆனால் படத்தில் அது விளக்காக வராது. கப்பல் அலையில் ஆடுவதால் மண்புழு மாதிரி நெளியும். சிலர் அதையே ரசிக்கிறார்கள். எனக்குப் பிடிக்காது.

ஒரு எச்சரிக்கை: துறைமுகத்தை வெளியே நின்று பார்ப்பதோடு சரி. உள்ளே காவல் மத்திய தொழிற்பாதுகாப்புப் படை வசம். அனுமதி இல்லாமல் கேமராவும் கையுமாக அந்தப் பக்கம் போனால், அதன் பிறகு உங்களைத்தான் போட்டோ எடுப்பார்கள்.

டிரைபாட் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஒரு துணிப்பையில் ரெண்டு கிலோ அரிசியைப் போட்டுக் கட்டி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்து, அதன் மேல் கேமராவை அமுக்கி உட்கார வையுங்கள். அசையாது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் உப்பு மலிவு என்று உப்பு மூட்டையை வைத்தார். கடல் காற்றில் உப்பு கசிந்து, பை நனைந்து, கேமரா அடியில் பூத்து... வேண்டாம், அரிசியே போதும். மறுநாள் சமைத்துக்கொள்ளலாம். கடற்கரை மணலில் டிரைபாட் வைப்பதானால் மூன்று காலையும் கெட்டித் தரை தட்டும் வரை அழுத்திப் புதையுங்கள். மேலாக வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விரற்கடை இறங்கிக்கொண்டே போகும். பட்டனை விரலால் அமுக்கினாலும் ஆடும். ரெண்டு விநாடி டைமர் வைக்கலாம், அல்லது ஒயர் ரிலீஸ் வாங்கலாம், ரெண்டாவதுதான் நல்லது.

“எங்கிட்ட செல்போன்தான் இருக்கு” என்பவர்களுக்கு: கேமராவில் ‘புரோ’ என்று ஒரு பகுதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஐ.எஸ்.ஓ. 50, ஷட்டர் 2 விநாடி, ஃபோகஸை மலைப் படம் போட்ட பக்கம் தள்ளுங்கள். போன் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க முடியாது. அதனால் வாணத்துக்கு ரொம்பக் கிட்டே போகாதீர்கள். தள்ளி நின்றால் கோடு வெளுக்காது. ஒயர் ஹெட்போன் செருகுகிற போனாக இருந்தால், பெரும்பாலும் அதன் வால்யூம் பட்டனே ஷட்டர் ஒயராக வேலை செய்யும். புரோவும் கிடையாது, ஒன்றும் கிடையாது என்றால் வீடியோ எடுத்து அதில் ஒரு காட்சியை உருவிக்கொள்ளுங்கள். கோடு கிடைக்காது, ஆனால் தோசை மாவைவிட நன்றாக இருக்கும்.

எப்போது அமுக்குவது? வெடித்த பிறகு அமுக்கினால் காலி. ‘தும்’ என்று கீழே குழாயிலிருந்து கிளம்பும்போதே திறந்துவிடுங்கள். ஏறும் வால், விரியும் பூ, உதிரும் பொறி மூன்றும் ஒரே படத்தில் கிடைக்கும். பூ வாடியதும் மூடுங்கள். தூரத்திலிருந்து எடுக்கும்போது சத்தத்தை நம்பாதீர்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி ஆகும். காதில் ‘தும்’ விழும்போது மேலே கதை முடிந்திருக்கும். அங்கே கண்ணால் பார்த்து அமுக்குவதுதான் வழி.

இனி காற்று. இந்தப் பாடம் எந்தப் புத்தகத்திலும் தூத்துக்குடிக்கென்று எழுதியிருக்காது. அதனால் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்கிறேன். வாண போட்டோவைக் கெடுப்பதில் முக்கால் பங்கு புகைதான். முதல் ரெண்டு நிமிஷம் வானம் சுத்தம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெடியும் முந்தின வெடியின் புகைக்குள்தான் பூக்கிறது. பஞ்சு மூட்டைக்குள் பல்பு போட்ட மாதிரி இருக்கும். எங்கள் ஊருக்குக் கடல் கிழக்கே. ஜூலை 26-ஆம் தேதி பனிமய மாதா கோயிலில் கொடியேறி ஆகஸ்ட் 5-ல் திருவிழா நடக்கிற அந்தப் பத்து நாளும் மேல்காற்றுக் காலம். காற்று ஊருக்குள்ளிருந்து கடலைப் பார்த்து வீசும், கண்ணில் மண்ணையும் சேர்த்து. அந்த மாதங்களில் வாணம் எடுப்பவர்கள் ஊர்ப்பக்கம், அதாவது வாணத்துக்கு மேற்கே நில்லுங்கள். புகை உங்களைவிட்டு விலகிக் கடலுக்குப் போகும். தீபாவளி வருவதோ வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். காற்று தலைகீழ். கடற்கரைப் பக்கம் நின்று ஊரைப் பார்த்து எடுத்தால்தான் சுத்தமான வானம் கிடைக்கும். ஒரே ஊர், ஒரே ரோடு, ஆனால் மூன்று மாதத்தில் நிற்கிற இடம் மாறிப்போகிறது! சந்தேகமாக இருந்தால் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திப் பாருங்கள்.

தீபாவளி சமயத்தில் இன்னொரு லாபம் உப்பளம். மழை தொடங்கினால் உப்பு வாருவது நின்றுவிடும். முள்ளக்காடு பக்கத்துப் பாத்திகளில் தண்ணீர் தேங்கிக் கண்ணாடி மாதிரி கிடக்கும். காற்று ஓய்ந்த ராத்திரியில் மேலே ஒரு வாணம், கீழே ஒரு வாணம். ஒரு செலவில் ரெண்டு. அளக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். வரப்பு மேல் மட்டும் நடங்கள். ஈர வரப்பு வழுக்கும். கேமராவோடு பாத்தியில் விழுந்தால் ரெண்டு பேருமே கருவாடுதான்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடுப்பில் கறி உப்பு சிந்தினால் தீ மஞ்சளாகச் சீறுவதைப் பார்த்திருப்பீர்கள். அது உப்பிலுள்ள சோடியம். வானத்து மஞ்சளும் அதே சோடியம்தான். ஆக, வாணத்தின் மஞ்சளும் எங்கள் ஊர் உப்பும் ஒன்றுக்கொன்று சொந்தம். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குச் செம்பு, வெள்ளிக்கு அலுமினியம், மெக்னீசியம். பேரிய உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை செய்தது; 2021-ல் அதை மறுபடியும் அழுத்திச் சொன்னது. நீலம் ரொம்ப நோஞ்சான். சூடு கொஞ்சம் கூடினாலும் செம்புச் சேர்மம் உடைந்து நிறம் போய்விடும் என்பதால், நல்ல நீலம் வரவழைப்பதுதான் வாணக்காரர்களுக்குச் சவால். அப்படிப் பாடுபட்டுக் கொண்டுவந்த நீலத்தை நாம் துவாரத்தை அகலத் திறந்து வைத்து வெள்ளையாக்கிவிடுகிறோம்! சிவகாசிப் பக்கத்தில் இந்த மருந்தைக் கலக்கியவர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கலக்கியது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் ஒரே விபத்தில் முப்பது பேருக்கு மேல் போனார்கள். எஃப் 11-க்குச் சுருக்கி, அவர்கள் போட்ட நிறத்தை அப்படியே வாங்குவது நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

இப்போது நான் எடுத்ததிலேயே ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணாச்சி தோணியில் தண்டல். தெரியாதவர்களுக்கு: தோணி என்றால் சரக்கு ஏற்றிக்கொண்டு மாலத்தீவு வரை போய்வருகிற மரக்கலம். தண்டல்தான் அதற்குக் கேப்டன். கடல் கொந்தளிக்கிற மேல்காற்று மாதங்களில் தோணி கரையில் கிடக்கும். அப்புறம் ஓட்டம் ஆரம்பித்தால் நல்ல நாள் பெரிய நாள் பார்க்க முடியாது. நேரக் கட்டுப்பாடு வந்த பிறகு ஒரு தீபாவளிக்கு, சரக்கோடு கிளம்பும் முன் என்னிடம் வந்தார்.

“தம்பி, தீவாளிக்கு நான் மாலேல கெடப்பேன். பிள்ளைக வெடி போடுறத ஒரு போட்டோ எடுத்து அனுப்புவியளா?”

“அதுக்கென்ன அண்ணாச்சி, எடுத்துருவோம்.”

“ஆகாசத்த மட்டும் எடுத்து அனுப்பிராதிய. ஆகாசம் அங்கயும் இருக்கு.”

நான் அதுவரை எடுத்த வாணப் படங்களில் முக்கால்வாசி வெறும் ஆகாசம்தான் என்பதை அவர் எங்கே பார்த்தாரோ!

அவருக்கு ரெண்டு பிள்ளைகள். மூத்தவள் மூன்றாம் வகுப்பு. தம்பி ஒன்றாம் வகுப்பு. “மாமா, கம்பி மத்தாப்பால ‘அப்பா’ன்னு எழுதட்டுமா?” என்றாள் பெரியவள். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். யோசனை நல்ல யோசனைதான். தமிழ்நாட்டில் தீபாவளிக்கு ராத்திரி வெடி நேரம் 7-லிருந்து 8. அறுபது நிமிஷம். அன்றைக்குச் சாயங்காலமே கிழக்கே மேகம் கட்டிக்கொண்டு நின்றது.

மத்தாப்பில் எழுதுவது பற்றி ஒரு குறிப்பு. பிள்ளை கேமராவைப் பார்த்து நின்று எழுதினால் படத்தில் எழுத்து தலைகீழாக இடம் வலம் மாறித்தான் விழும். பிள்ளைக்குக் கண்ணாடி எழுத்தெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டாம். சாதாரணமாக எழுதச் சொல்லிவிட்டு, பின்னால் கம்ப்யூட்டரில் படத்தைப் புரட்டிக்கொள்ளலாம். ஆனால் படத்தில் கடை போர்டு எதுவும் இருக்கக் கூடாது. புரட்டினால் அது மாறிக்கொள்ளும்! எங்கள் தெருவில் நேரெதிரே மளிகைக்கடை போர்டு. அதனால் கேமராவைக் கடற்பக்கம் திருப்பி வைத்தேன்.

அடுத்த சிக்கல் ‘ப்’. மத்தாப்பை அணைக்காமல் எழுத்துக்கு எழுத்து தாவினால் மூன்று எழுத்தும் கயிறு கட்டின மாதிரி ஒட்டிக்கொள்ளும். இதற்கு ஸ்டூடியோ அண்ணனின் பழைய வித்தை ஒன்று இருக்கிறது. ஷட்டரைப் ‘பல்ப்’ என்ற இடத்தில் வைத்துத் திறந்துவிட்டு, எழுத்துக்கு நடுவில் லென்ஸ் முன்னால் ஒரு கறுப்பு அட்டையைப் பிடிப்பது. சேலைப் பெட்டி அட்டையில் கறுப்புக் காகிதம் ஒட்டியதுதான் எனக்கு. அட்டை மறைத்தால் கேமராவுக்கு ராத்திரி, எடுத்தால் பகல். (பல வாணங்களை ஒரே படத்தில் சேர்ப்பதும் இதே அட்டையால்தான்.)

மதினி ஒரு வாளித் தண்ணீரோடு பக்கத்தில் நின்றார். பிள்ளைகளுக்குப் பருத்திச் சட்டை, காலில் செருப்பு. முதல் முறை, அக்கா ‘அ’ எழுதும்போதே தம்பி குறுக்கே ஓடிவிட்டான். ரெண்டாவது முறை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, தூறல் வந்தது. எல்லாரும் தாழ்வாரத்துக்குள் ஓடினோம். மணி 7:20. 7:30. “நாளைக்கு எடுத்துக்கிடலாம்லா?” என்றார் மதினி. பெரியவள் ஒன்றும் பேசவில்லை. மத்தாப்புப் பெட்டியை மட்டும் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டாள், நனையாமல்.

7:40-க்குத் தூறல் விட்டது. மழை புகையைக் கழுவிவிட்டிருந்தது, வானம் பளிச்சென்று இருந்தது. அக்கா ‘அ’. அட்டை. தம்பி ‘ப’. அட்டை. “புள்ளி வைலே!” என்று அக்கா கத்த, அவன் எம்பி வைத்தான். அட்டை. அக்கா ‘பா’. பிறகு ரெண்டு பேரையும் சேர்த்து நிற்க வைத்து, ஆளுக்கொரு மத்தாப்பை இடுப்புயரத்தில் பிடிக்கச் சொன்னேன். முகத்துக்கு அந்த வெளிச்சமே போதும், ஃப்ளாஷ் வேண்டாம். ஆனால் மூன்று விநாடி சிலை மாதிரி நிற்க வேண்டும். முத்துக்குளித்த தெரு ஆயிற்றே! “தாத்தா மாதிரி மூச்சப் பிடிங்க!” என்றேன். பிடித்தார்கள். தாத்தாமார் காலத்தில் சிப்பிக்குக் கடலடியில் மூச்சுப் பிடித்தார்கள். 1961-க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு என் கேமராவுக்காவது அந்த நுரையீரல் உதவியது. சரியாக அந்த நேரம் பின்தெருவில் யாரோ புண்ணியவான் ஒரு ராக்கெட் விட்டான். அது எனக்கு போனஸ்.

படம் வந்தது. தம்பி எம்பி வைத்த புள்ளி ‘ப’வின் தலையில் இல்லை, ‘அ’வுக்கு மேலே எங்கேயோ நட்சத்திரம் மாதிரி நின்றது. கம்ப்யூட்டரில் நகர்த்தி வைத்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை. நகர்த்தவில்லை. அப்படியே புரட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மாலேயில் சிக்னல் கிடைத்துப் பதில் வர மறுநாள் மத்தியானம் ஆயிற்று. குரல் செய்தி. பின்னணியில் தோணிக்காரர்கள் ஏதோ கத்துகிறார்கள்.

“தம்பி... புள்ளி சின்னவன் வச்சதுதான? தெரியுது. அவன் நோட்டுலயும் அப்பிடித்தான் வைப்பான்.”

அந்தப் படம் இப்போதும் அவர் போனைத் திறந்தால் முதலில் தெரிவது.

ஆகவே அடுத்த முறை கேமராவை வைக்கும்போது கொஞ்சம் கீழே இறக்கி வையுங்கள். படத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்கு ஆட்களுக்கு இருக்கட்டும். வாய் பிளந்து மேலே பார்க்கிற பாட்டி, காதைப் பொத்தின குழந்தை, தள்ளி நின்று பயமில்லாத மாதிரி நடிக்கிற மாப்பிள்ளை... 3 விநாடியில் இவர்கள் லேசாக ஆடித்தான் வருவார்கள், பரவாயில்லை. மாதா கோயில் திருவிழாவில் கோபுரத்து விளக்குச் சரம் படத்தில் இருந்தால், விநாடியைக் குறையுங்கள். இல்லாவிட்டால் கோபுரம் வெளுத்துவிடும். புத்தாண்டுக்கு இன்னும் அவசரம் வேண்டும். 2018 தீர்ப்பில் அதற்குக் கொடுத்தது ராத்திரி 11:55-லிருந்து 12:30 வரை, 35 நிமிஷம். கேக் வெட்டிவிட்டு மாடிக்கு ஏறலாம் என்று நினைத்தால் முடிந்தது. 11 மணிக்கே டிரைபாடைப் புதைத்து, ஃபோகஸைப் பூட்டி, உட்கார்ந்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் லென்ஸையும் கேமராவையும் லேசாக ஈரம் காட்டின மெல்லிய துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒரு தடவை துடையுங்கள். எங்கள் கடல் காற்று சைக்கிள் ரிம்மையே தின்கிறது, லென்ஸை விடுமா?

இந்தக் கலையைக் கற்று வைத்துக்கொண்டால் வருங்காலத்துக்கும் பிரயோஜனம் உண்டு. திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து ராத்திரியில் ஒரு ராக்கெட் கிளம்பினால், அதை எடுப்பதற்கும் இதே கணக்குதான். ஐ.எஸ்.ஓ. 100, சின்ன துவாரம், ‘பல்ப்’, அசையாத டிரைபாட், மூடாத ஷட்டர். வானத்தில் வளைந்து போகிற ஒரே ஒரு தங்கக் கோடு கிடைக்கும். ஒரு வித்தியாசம்தான். தெருவில் என்றால் “சரியா விழல அண்ணே, இன்னொண்ணு விடுங்க” என்று கேட்கலாம். இஸ்ரோகாரர்களிடம் கேட்டால் விடுவார்களா என்ன?